உங்கள் கையிலிருக்கும் 176

தமிழ்நாடு சட்டமன்றப் பேரவையின் 234 உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உறுப்பினர்களே,

பட்டுக்கோட்டைப் பக்கத்து அரசுப் பள்ளியொன்றில் சமூக அறிவியல் நடத்தி ஓய்வுபெற்றவன் நான். சாலை போட்டுத் தாருங்கள், ஏரியைத் தூர் வாருங்கள், பட்டா மாற்றித் தாருங்கள் என்று உங்களுக்கு அன்றாடம் மனுக்கள் வரும். இந்த மடலில் அப்படி எதையும் நான் கேட்கப்போவதில்லை. ஐந்தாண்டுக்கு ஒருமுறை நீங்கள் வரிசையில் நின்று, இரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டுத் திரும்பும் ஒரு கடமையைப் பற்றிப் பேச வேண்டும். இந்தியக் குடியரசின் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் கடமை அது.

இப்போதைய குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு 2022 ஜூலை 25 அன்று பொறுப்பேற்றார். அவருடைய ஐந்தாண்டுக் காலம் 2027 ஜூலை 24 அன்று நிறைகிறது. பதவிக்காலம் முடிவதற்கு முன்பே அடுத்த தேர்தலை நடத்தி முடித்துவிட வேண்டும் என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 62ஆம் பிரிவு. அந்த வாக்குச்சீட்டு உங்கள் கைக்கு வருவதற்குள் இந்த மடல் உங்கள் கண்ணில் பட வேண்டும் என்பது என் ஆசை.

வகுப்பில் இந்தப் பாடம் வரும்போது கரும்பலகையில் ஒரு கணக்குப் போடுவேன். 1971 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 4,11,99,168 பேர். அதைச் சட்டமன்றத்தின் 234 இடங்களால் வகுத்து, வந்ததை மறுபடி ஆயிரத்தால் வகுத்தால் 176 வரும். குடியரசுத் தலைவர் தேர்தலில் உங்கள் ஒவ்வொருவருடைய வாக்கின் மதிப்பு அதுதான். "எம்.எல்.ஏ. ஒருத்தருக்கு எதுக்கு சார் 176 ஓட்டு?" என்று ஒரு மாணவி கேட்டாள். "அது அவரோட ஓட்டு இல்லம்மா. ஆயிரம் பேருக்கு ஒண்ணுங்கிற கணக்குல நம்மளோட ஓட்டு. அவர் எடுத்துக்கிட்டுப் போறார், அவ்வளவுதான்" என்று சொன்னேன். இன்று உங்களிடமும் அதையேதான் சொல்ல வந்திருக்கிறேன். அந்த 176 எங்களுடையது.

இந்த எண் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். உத்தரப் பிரதேச உறுப்பினர் ஒருவரின் வாக்கு மதிப்பு 208. பீகாரில் 173, கேரளத்தில் 152, புதுச்சேரியில் 16, சிக்கிமில் வெறும் 7. எந்த மாநிலத்துப் பிரதிநிதியானாலும் அவர் பின்னால் நிற்கும் மக்களின் அளவுக்கே அவர் வாக்குக்குக் கனம் இருக்க வேண்டும் என்பது 55ஆம் பிரிவின் முதல் நியதி. இரண்டாவது நியதி இன்னும் முக்கியமானது. எல்லா மாநிலச் சட்டமன்றங்களும் சேர்ந்து ஒரு தட்டில், நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் மறுதட்டில். தராசு முள் நடுவில் நிற்க வேண்டும். 2022 தேர்தலில் சட்டமன்ற உறுப்பினர்களின் மொத்த மதிப்பு 5,43,231. அதை 776 நாடாளுமன்ற உறுப்பினர்களுக்குப் பங்கிட்டதால் தலைக்கு 700 கிடைத்தது. அவர்களின் கூட்டுத்தொகை 5,43,200.

2017இல் நாடாளுமன்ற உறுப்பினருக்கு 708 இருந்ததே, அது ஏன் 700 ஆனது? 2022இல் ஜம்மு காஷ்மீரில் சட்டமன்றம் இல்லை. அங்கிருந்து வர வேண்டிய 6,264 மாநிலங்களின் தட்டிலிருந்து போயிற்று. அந்தத் தட்டு இறங்கிய அளவுக்கு மறுதட்டையும் இறக்க வேண்டியதாயிற்று. ஸ்ரீநகரில் ஒரு பேரவை இல்லாமல் போனால் டெல்லியில் அமர்ந்திருக்கும் ஒவ்வொரு எம்.பி.யின் வாக்கிலும் எட்டு குறைகிறது. கூட்டாட்சி என்ற சொல்லுக்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் எந்தப் பாடநூலிலும் பார்த்ததில்லை.

நியமன உறுப்பினர்களுக்கு இந்தத் தேர்தலில் இடமில்லை. மேலவை உள்ள மாநிலங்களில் அந்த மேலவையினருக்கும் இல்லை. மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்தவர்கள் மட்டுமே மாநிலத்தின் சார்பில் வாக்களிக்க முடியும். நாட்டின் முதல் குடிமகன் யார் என்று தீர்மானிப்பதில் நாடாளுமன்றத்துக்கு எவ்வளவு பங்கோ, சட்டமன்றங்களுக்கும் அவ்வளவு பங்கு என்று எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள் முன்னோர்.

அதை அவர்கள் எளிதாக எழுதிவிடவில்லை. மக்களே நேரடியாக வாக்களித்துத் தலைவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று அரசமைப்பு நிர்ணய சபையில் கே.டி. ஷா வாதாடினார். பிரதமரும் அமைச்சரவையும் ஆட்சி நடத்தும் முறையில், நாடு முழுக்க ஓட்டு வாங்கிய இன்னொருவர் வந்தால் இரண்டு அதிகார மையங்கள் உருவாகும் என்ற அச்சம் மறுபக்கம் இருந்தது. ஷாவின் வாதம் தோற்றது. 1952இல் முதல் குடியரசுத் தலைவர் தேர்தலில் அதே ஷா, தாம் ஏற்காத அந்த முறையிலேயே இராஜேந்திர பிரசாத்தை எதிர்த்து நின்று 92,827 வாக்கு மதிப்பைப் பெற்றார். பிரசாத்துக்கு 5,07,400. மக்களுக்கு நேரடி வாக்கு இல்லை என்று முடிவான அன்றே உங்கள் தோளில் ஒரு சுமை ஏறிவிட்டது. நாங்கள் கேட்க முடியாத கேள்விகளை எங்களுக்காக நீங்கள் கேட்க வேண்டும்.

கேட்கிறீர்களா?

அமெரிக்காவும் கூட்டாட்சி நாடுதான். அங்கே கட்சியின் வேட்பாளர் யார் என்பதையே மாநிலம் மாநிலமாக நடக்கும் முதற்கட்டத் தேர்தல்களில் மக்கள் முடிவு செய்கிறார்கள். அயோவா, நியூ ஹாம்ப்ஷயர் போன்ற சிறிய மாநிலங்களுக்கு வேட்பாளர்கள் மாதக்கணக்கில் அலைந்து, ஊர்க் கூட்டங்களில் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்கள். பொதுத்தேர்தலுக்குப் பிறகு 538 தேர்வர்கள் முறைப்படி வாக்களிக்கிறார்கள். 270 பெற்றவர் அதிபர். தம் மாநில மக்களின் தீர்ப்பை மீறி வாக்களிக்கும் தேர்வரை மாநிலம் தண்டிக்கலாம் என்று 2020இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அங்கே பல மாநிலங்களில் தேர்வரைச் சட்டம் கட்டிவைத்திருக்கிறது. இங்கே உங்களைச் சட்டம் முழுச் சுதந்திரமாக விட்டிருக்கிறது. ஆனால் வேட்பாளர் யார் என்று முடிவாகும் இடத்தில் உங்கள் குரலே ஒலிப்பதில்லை. 2022இல் இரு தரப்பு வேட்பாளர்களின் பெயர்களும் ஜூன் 21 என்ற ஒரே நாளில் டெல்லியில் அறிவிக்கப்பட்டன. ஜூலை 18 அன்று வாக்குப்பதிவு. இடையில் இருந்தது நான்கு வாரங்கூட இல்லை. அந்த நாட்களில் வேட்பாளர்கள் சென்னைக்கு வந்து ஆதரவு கேட்டார்கள். பொன்னாடைகள் போர்த்தப்பட்டன.

வேட்புமனு என்பது டெல்லித் தலைவர்களின் தனிச்சொத்து என்று சட்டம் எங்கும் சொல்லவில்லை. 35 வயது நிரம்பிய, மக்களவைக்குப் போட்டியிடும் தகுதியுள்ள, ஆதாயம் தரும் அரசுப் பதவியில் இல்லாத எந்த இந்தியக் குடிமகனும் நிற்கலாம். தொடக்கத்தில் ஒருவர் முன்மொழிந்து ஒருவர் வழிமொழிந்தாலே போதும். 1967இல் 17 பேர் நின்றார்கள். அவர்களில் 9 பேருக்கு ஒரு வாக்குகூட விழவில்லை. அதனால் 1974இல் பத்துப் பேர் முன்மொழியவும் பத்துப் பேர் வழிமொழியவும் வேண்டும், 2,500 ரூபாய் டெபாசிட் கட்ட வேண்டும் என்று மாற்றினார்கள். 1997இல் அது ஐம்பது, ஐம்பது, 15,000 ரூபாய் ஆனது. ஓர் உறுப்பினர் ஒரு மனுவில் மட்டுமே கையெழுத்திட முடியும். கூட்டிப் பாருங்கள். ஒரு மனுவுக்கு நூறு கையெழுத்து. நீங்கள் 234 பேர். டெல்லியை எதிர்பார்க்காமல் இந்தப் பேரவை மட்டுமே இரண்டு வேட்பாளர்களைக் களத்தில் நிறுத்த முடியும். சிறிய மாநிலங்கள் பலவற்றுக்கு இந்த வசதி கிடையாது. இந்த வலிமையை உங்கள் பேரவை உணர்ந்து பேசியிருந்தால், பெயர் முடிவாகும் முன்பே கோட்டையின் கருத்தைக் கேட்டுவிட்டு வா என்று டெல்லியே ஆள் அனுப்பியிருக்கும்.

வாக்களிக்கும் முறையையும் நினைவுபடுத்துகிறேன். நாடாளுமன்ற உறுப்பினருக்குப் பச்சை நிறச் சீட்டு. உங்களுக்கு இளஞ்சிவப்பு. தேர்தல் ஆணையம் தரும் ஊதா மைப் பேனாவால் மட்டுமே எழுத வேண்டும். வேட்பாளர் பெயருக்கு எதிரே 1, 2 என்று விருப்ப வரிசையை எண்ணில் குறிக்க வேண்டும், எழுத்தில் எழுதக்கூடாது. எண்ணை எந்த இந்திய மொழியின் வடிவிலும் எழுதலாம். விரும்பினால் ௧ என்று தமிழ் எண்ணாலேயே குறிக்கலாம். மாநிலத் தலைநகரங்களிலிருந்து வாக்குப்பெட்டிகள் விமானத்தில் டெல்லி போகும். 2022இல் பெட்டிக்கென்று தனிப் பயணச்சீட்டு வாங்கி, முன் இருக்கையில் அதிகாரிக்குப் பக்கத்திலேயே வைத்துக் கொண்டுபோனார்கள். ஒரு மரியாதைக்குரிய பயணியைப்போல எங்கள் வாக்கு பயணம் செய்தது. அப்படிப் போன சீட்டுகளில் அந்த ஆண்டு 53 செல்லாதவை. 2017இல் 77. நாட்டுக்கே சட்டம் இயற்றுகிறவர்கள் ஒரு சீட்டில் எண்ணைச் சரியாகக் குறிக்கத் தவறினால், அதன் பின்னால் நின்ற ஆயிரக்கணக்கானோரின் குரல் கழித்துக்கட்டப்படுகிறது.

சீட்டை யாருக்கும் காட்டக்கூடாது. மாநிலங்களவைத் தேர்தலில் கட்சி முகவரிடம் காட்டிவிட்டுப் போடும் வழக்கம் உண்டு. இதில் அதற்கு இடமே இல்லை. கட்சிகள் கொறடா உத்தரவு போட முடியாது, உறுப்பினர்கள் தம் விருப்பப்படி வாக்களிக்கலாம் என்று தேர்தல் ஆணையம் ஒவ்வொரு முறையும் தெளிவாக அறிவிக்கிறது. பேரவைக்குள் உங்கள் கட்சிக்கு எதிராகக் கை தூக்கினால் பதவி போகும். இந்த ஒரு நாளில், அந்த ஒரு மறைவிடத்தில், நீங்கள் யாருக்கும் கட்டுப்பட்டவர் இல்லை.

இந்தச் சுதந்திரம் ஒரே ஒருமுறைதான் நாட்டை உலுக்கியது. 1969 மே மாதம் குடியரசுத் தலைவர் ஜாகிர் உசேன் பதவியில் இருக்கும்போதே காலமானார். காங்கிரஸ் நீலம் சஞ்சீவ ரெட்டியை நிறுத்தியது. தற்காலிகத் தலைவராக இருந்த வி.வி. கிரி பதவியை விட்டு விலகிச் சுயேச்சையாக நின்றார். மனசாட்சிப்படி வாக்களியுங்கள் என்றார் பிரதமர் இந்திரா காந்தி. முதல் சுற்றில் கிரிக்கு 4,01,515, ரெட்டிக்கு 3,13,548, மூன்றாவதாக நின்ற சி.டி. தேஷ்முக்குக்கு 1,12,769. வெற்றிக்கு வேண்டியது 4,18,169. யாரும் அதைத் தொடவில்லை. கீழே இருந்தவர்களை ஒவ்வொருவராக நீக்கி, அவர்களின் சீட்டுகளில் இருந்த அடுத்த விருப்பத்தை எண்ணினார்கள். முடிவில் கிரி 4,20,077, ரெட்டி 4,05,427. வித்தியாசம் 14,650. இன்றைய மதிப்பில் தமிழ்நாட்டு உறுப்பினர்கள் 83 பேரின் வாக்கு அது. இரண்டாம் விருப்பத்தைக் குறிக்காமல் விட்டுவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு அந்த ஆண்டே பதில். அந்த மனசாட்சிக் குரலுக்குப் பின்னால் காங்கிரசின் உள்கட்சிச் சண்டை இருந்தது என்பதை நான் மறைக்கவில்லை. ஆனாலும், சட்டம் கொடுத்த சுதந்திரம் காகிதத்தில் மட்டும் இருப்பதில்லை என்று அந்தத் தேர்தல் காட்டியது.

குடியரசுத் தலைவர் அமைச்சரவை சொல்வதைக் கேட்டு நடப்பவர்தானே, யார் வந்தால் என்ன என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நானும் ஒருகாலத்தில் அப்படித்தான் நினைத்தேன். அந்த நினைப்பை என்னிடமிருந்து எடுத்துப்போட்டது என் ஊர்ப்பக்கத்துக்காரர் ஒருவரின் கையெழுத்து.

ஆர். வெங்கட்ராமன் பிறந்த இராஜாமடம் எங்கள் பட்டுக்கோட்டைக்குப் பக்கம். 1987இல் அவர் 7,40,148 வாக்கு மதிப்புடன் வென்றபோது வேலைக்குச் சேர்ந்து சில ஆண்டுகளே ஆன ஆசிரியன் நான். பக்கத்து ஊர்க்காரர் இராஷ்டிரபதி பவனுக்குப் போகிறார் என்று வகுப்பில் பெருமையோடு சொன்னேன். 1991 ஜனவரி 30 அன்று தமிழ்நாட்டில் பெரும்பான்மையோடு இருந்த திமுக ஆட்சி 356ஆம் பிரிவின்படி கலைக்கப்பட்டது. ஆளுநர் சுர்ஜித் சிங் பர்னாலா கலைப்புக்கு அறிக்கை தர மறுத்துவிட்டிருந்தார். ஆளுநரின் அறிக்கையோ 'வேறு வகையிலோ' என்று அந்தப் பிரிவில் இருக்கும் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு சந்திரசேகர் அரசு பரிந்துரைத்தது. எங்கள் ஊர்ப்பக்கத்துக்காரர் கையெழுத்திட்டார். மறுநாள் வகுப்பில் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அந்த ஆட்சி மேல் எனக்குக் குறை இருந்ததா இல்லையா என்பது வேறு பேச்சு. குறையிருந்தால் தண்டிக்க வேண்டியவர்கள் நாங்கள், வாக்குச்சாவடியில்.

அதற்கு முன் 1976 ஜனவரி 31 அன்றும் இதே பேரவை கலைந்தது. நெருக்கடி நிலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்ட பக்ருதீன் அலி அகமது அப்போது குடியரசுத் தலைவர். 2005 பிப்ரவரியில் பீகார் மக்கள் தேர்ந்தெடுத்த சட்டமன்றம் ஒருமுறைகூடக் கூடாமலேயே மே மாதம் கலைக்கப்பட்டது. அந்தக் கோப்பு மாஸ்கோ வரை போனது. அங்கே பயணத்தில் இருந்தவர் நம் இராமேசுவரத்து அப்துல் கலாம். கையெழுத்திட்டார். அந்தக் கலைப்பு அரசமைப்புக்கு முரணானது என்று அதே ஆண்டு அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. கலாமை நான் இன்றும் மதிக்கிறேன். ஆதாயப் பதவி மசோதாவை 2006இல் நாடாளுமன்றத்துக்கே திருப்பி அனுப்பிய துணிவும் அவருடையதுதான். நம் மண்ணில் பிறந்தவர் என்பது மட்டும் நம் பேரவைக்குக் காவல் ஆகிவிடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

இன்னொரு கையும் இருந்தது. 1997 அக்டோபரில் உத்தரப் பிரதேச அரசைக் கலைக்கும் பரிந்துரை வந்தபோது கே.ஆர். நாராயணன் அதை மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பினார். குஜ்ரால் அமைச்சரவை அதைக் கைவிட்டது. 1998 செப்டம்பரில் பீகாருக்காக வாஜ்பாய் அமைச்சரவை அனுப்பியதையும் அவ்வாறே திருப்பினார். 1999 பிப்ரவரியில் பீகாருக்கான பரிந்துரை மறுபடி வந்தபோது அவர் கையெழுத்திட்டது உண்மை. மாநிலங்களவையில் அது தேறாது என்று தெரிந்து அரசே அடுத்த மாதம் பின்வாங்கியதும் உண்மை. நாராயணனுக்கு இருந்த அதிகாரம் மற்றவர்களுக்கு இருந்ததைவிடக் கூடுதல் அல்ல. 1978இன் 44ஆம் திருத்தத்துக்குப் பிறகு எந்தக் குடியரசுத் தலைவரும் அமைச்சரவையின் ஆலோசனையை ஒருமுறை திருப்பி அனுப்பலாம். அந்த ஒரு முறைதான் ஒரு மாநிலத்துக்கு மூச்சுவிடக் கிடைக்கும் அவகாசம். அதைப் பயன்படுத்துவதும் விடுவதும் முழுக்க முழுக்க ஆளைப் பொறுத்தது.

ஆட்சிக் கலைப்பு எப்போதோ ஒருமுறை நடப்பது. மசோதாக்கள் அப்படி இல்லை. நீங்கள் நிறைவேற்றும் மசோதாவை ஆளுநர் குடியரசுத் தலைவருக்கு அனுப்பிவைத்தால், 201ஆம் பிரிவின்படி அதன் தலையெழுத்து அங்கே. நீட் விலக்கு மசோதாவை உங்கள் பேரவை 2021 செப்டம்பரில் நிறைவேற்றியது. ஆளுநர் திருப்பி அனுப்பியபின் 2022 பிப்ரவரியில் மறுபடியும் நிறைவேற்றியது. ஒப்புதல் மறுக்கப்பட்டது என்ற செய்தி 2025 ஏப்ரலில்தான் பேரவையில் சொல்லப்பட்டது. மூன்றாண்டுக்கு மேல் எத்தனை பிள்ளைகள் காத்திருந்தார்கள் என்று ஆசிரியனாக எனக்குத் தெரியும். இப்படிப்பட்ட மசோதாக்களின் மேல் முடிவெடுக்கக் காலக்கெடு விதிக்க முடியாது என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் கருத்துத் தெரிவித்திருக்கிறது. நீதிமன்றம் கடிகாரத்தை வைக்காது என்றானபின், அந்த நாற்காலியில் அமர்பவரின் நிதானமும் நேர்மையும் முன்னைவிட அதிகமாகத் தேவைப்படுகின்றன.

இப்போது 176க்கே திரும்பி வருகிறேன், ஏனென்றால் அந்த எண்ணுக்கும் ஆபத்து நெருங்குகிறது.

மக்கள்தொகையைக் கட்டுப்படுத்திய மாநிலங்கள் அதற்காகத் தண்டிக்கப்படக் கூடாது என்பதால் 1971 கணக்கையே வைத்துக்கொள்ள 1976இல் 42ஆம் திருத்தம் வகைசெய்தது. பிறகு வந்த 84ஆம் திருத்தம் அந்த ஏற்பாட்டை, 2026க்குப் பின் எடுக்கப்படும் முதல் கணக்கெடுப்பின் எண்கள் வெளியாகும் வரை நீட்டித்தது. தொகுதி மறுவரையறை பற்றி நம் மாநிலத்தில் எல்லாரும் பேசுகிறார்கள். அதே பூட்டுத்தான் குடியரசுத் தலைவர் தேர்தலையும் காத்துவருகிறது என்பதை அதிகம் பேர் சொல்லிக் கேட்டதில்லை. 2011 எண்களை வைத்து வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். இன்று நமக்கு 176, பீகாருக்கு 173. பேரவைகளின் கூட்டுத்தொகையில் நமக்கு 41,184, பீகாருக்கு 42,039. ஏறத்தாழச் சமம். 2011 கணக்கில் நமக்கு 308 வரும், பீகாருக்கு 428 வரும், உத்தரப் பிரதேசத்துக்கு 496 வரும். கூட்டுத்தொகையில் நமக்குச் சுமார் 72,000, பீகாருக்கு 1,04,000. இடங்களைக் கூட்டினாலும் குறைத்தாலும் ஒரு மாநிலத்தின் மொத்தக் கனம் மாறாது. அது மக்கள்தொகையை மட்டுமே பார்க்கும். சொன்ன சொல்லைக் கேட்டு இரண்டோடு நிறுத்திக்கொண்ட எங்கள் தலைமுறைப் பெண்களுக்கு நாடு தரும் கைம்மாறு இதுவா?

பீகார் மக்களுக்குக் கூடுதல் குரல் கூடாது என்று நான் வாதாடவில்லை. ஆளுக்கொரு வாக்கு என்பதும் நியாயந்தான். இரண்டு நியாயங்கள் எதிரெதிரே நிற்கும்போது உட்கார்ந்து பேச வேண்டியவர்கள் நீங்கள். 54, 55ஆம் பிரிவுகளைத் திருத்த நாடாளுமன்றம் மட்டும் போதாது, குறைந்தது பாதி மாநிலச் சட்டமன்றங்கள் ஏற்க வேண்டும் என்கிறது 368ஆம் பிரிவு. பேசும் உரிமை உங்களிடம் சட்டமாகவே இருக்கிறது.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது நான்கு.

முதலாவது, பெயர்கள் அறிவிக்கப்படுவதற்கு முன்பே உங்கள் கட்சித் தலைமையிடம் உங்கள் கருத்தைச் சொல்லுங்கள். நூறு கையெழுத்துத் தேவைப்படும் ஒரு மனுவில் உங்கள் கையெழுத்துக்கும் விலைமதிப்பு உண்டு.

இரண்டாவது, ஆதரவு கேட்டுச் சென்னைக்கு வரும் வேட்பாளரிடம் பொன்னாடையோடு சில கேள்விகளையும் கொடுங்கள். பெரும்பான்மை உள்ள மாநில அரசைக் கலைக்கும் கோப்பு வந்தால் ஒருமுறையாவது திருப்பி அனுப்புவீர்களா? ஒரு பேரவை நிறைவேற்றிய மசோதாவுக்கு எத்தனை மாதத்தில் ஆம், இல்லை என்று சொல்வீர்கள்? மறுத்தால் காரணத்தை எழுதுவீர்களா? பதிலை ஊரறியச் சொல்லுங்கள் என்று கேளுங்கள். எந்தக் கட்சியின் வேட்பாளரானாலும் இதே கேள்விகள்தான்.

மூன்றாவது, அவருடைய சாதி, மதம், மொழி, ஊர் எல்லாவற்றையும் விட அவர் கடந்த காலத்தில் எதில் கையெழுத்திட்டார், எதில் மறுத்தார் என்று பாருங்கள்.

நான்காவது, வாக்களிக்கப் போகும் முன் உங்கள் தொகுதியில் ஒரு கூட்டம் போடுங்கள். ஒரு பள்ளிக்கூடத் திண்ணை போதும். யாருக்கு வாக்களித்தீர்கள் என்று நாங்கள் கேட்க மாட்டோம். அது இரகசியம், இரகசியமாகவே இருக்கட்டும். எதைப் பார்த்து முடிவெடுக்கப் போகிறீர்கள் என்பதை மட்டும் எங்களிடம் சொல்லுங்கள்.

கலைக்கப்பட்ட பேரவைக்கு இந்தத் தேர்தலில் வாக்கு இல்லை. 1974இல் குஜராத் சட்டமன்றம் கலைந்திருந்தபோதும் தேர்தலை நிறுத்த வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் கருத்துச் சொல்லிவிட்டது. நீங்கள் இல்லாமலும் அந்தத் தேர்தல் நடக்கும். நீங்கள் தேர்ந்தெடுக்கும் கைதான் உங்கள் பேரவையைக் காக்கவும் கலைக்கவும் கையெழுத்திடும் கை. ஊதாப் பேனாவை எடுக்கும்போது அதை நினைத்துக்கொள்ளுங்கள். 176 என்பது எங்கள் எண். கவனமாகக் கொண்டுபோய்ச் சேருங்கள்.

இப்படிக்கு,
உங்களைத் தேர்ந்தெடுத்தவர்களில் ஒருவனான
ஓய்வுபெற்ற சமூக அறிவியல் ஆசிரியன்,
பட்டுக்கோட்டை வட்டம்.